நர்ஸம்மா கை வைத்துப் பார்த்த வீடுகள்

நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் பார்த்த வேலை ஒன்றே ஒன்று. புண்ணின் கட்டைப் பிரிப்பது, துடைப்பது, மருந்து வைத்துத் திரும்பக் கட்டுவது. ஊசி போடுகிறவர்கள் வேறு, பிரசவம் பார்க்கிறவர்கள் வேறு. இவருக்குக் கட்டு அறை. அந்த அறையைப் பெருக்கித் துடைத்தவள் நான். அதனால் அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன், உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். நோயாளி எவ்வளவு கத்தினாலும் அவர் கை நிற்காது, அது உண்மைதான். பாதியில் நிறுத்தினால் அந்த ஆளுக்கு இரண்டு தடவை வலிக்கும் என்பார். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த நோயாளியின் போர்வையைக் காலடியில் நன்றாகச் செருகிவிட்டுப் போவார். நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மூன்றாவது மாடியில் ஒரு வாடகை அறை. ஓரத்தில் அடுப்பு மேடை, இந்தப் பக்கம் ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் ஜன்னல் கம்பி. வேலைக்குச் சேர்ந்த வருஷம் குடிவந்தவர், பிறகு மாறவே இல்லை. வீட்டுக்காரர் போய் அவர் மகன் வீட்டுக்காரர் ஆகிவிட்டார், இவர் மட்டும் அதே குடித்தனக்காரர்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பென்ஷன் கிடையாது. போகும்போது ஒரு தொகையைக் கையில் கொடுத்து, ஒரு பூச்செண்டையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நர்ஸம்மா பூச்செண்டை என்னிடம் தந்துவிட்டார். தொகையை என்ன செய்வது என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

வேறு ஊரில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி அவருக்கு உண்டு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுக்கப் போகிறேன், உன் பணத்தை இதில் போடு, நீயும் எங்களோடு வந்து இருந்துவிடு, தனியாக எதற்குக் கிடந்து கஷ்டப்படுகிறாய் என்றார். நர்ஸம்மா ஒரு வாரம் இருந்துபார்க்கலாம் என்று போனார். கடைச் சாமான் வைக்கிற பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அவருக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்களாம். பேரப்பிள்ளைகள் ஓடிவந்தார்களாம், தம்பி மனைவி நன்றாகத்தான் கவனித்தாளாம். ஐந்தாம் நாளே திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கண்ணாடியைக் கழட்டி வைக்க ஒரு இடம் இல்ல ஆயாம்மா," என்றார். 

அந்தப் பணத்தில் ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விடுவது, அந்த வாடகையில் தன் அறை வாடகையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்வது. இதுதான் அவர் போட்ட திட்டம். புது வீட்டுக்கே குடிபோகலாமே என்றால், என் அறைக்கு வாடகை குறைச்சல், அதற்கு வரும் வாடகை கூடுதல், நடுவில் இருப்பதுதான் எனக்குச் சோறு என்றார். தம்பியும் விட்டுப்பிடித்தார். ஆறு மாதம் பார், அதற்குள் வீடு அமைந்தால் உன் இஷ்டம், அமையாவிட்டால் என் பேச்சைக் கேட்டுக் கிளம்பி வந்துவிட வேண்டும் என்றார். சரி என்று நர்ஸம்மா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டால் மாற மாட்டார், அதுதான் எனக்குப் பயம்.

நான் அதற்கு முன்பே ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டேன். காலி செய்த வீடுகளைக் கழுவிக் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் போன பிறகு வீட்டில் என்னென்ன மிச்சம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எது தேய்த்தால் போகிற அழுக்கு, எது உள்ளே இறங்கிவிட்ட அழுக்கு என்றும் தெரியும். அதனால் என்னையும் கூட வரச்சொன்னார்.

எங்களுக்கு வீடு காட்டிய புரோக்கருக்கு சென்ட்டுக்காரர் என்று பெயர். கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே போய் வாசனைத் தண்ணியை நாலு மூலைக்கும் பீய்ச்சிவிட்டு வந்துதான் நம்மை அழைப்பார். நல்ல வாயாடி. முதல் வீட்டிலேயே நர்ஸம்மா வாசலில் நின்று, இங்கே எதற்கு இவ்வளவு வாசனை என்று கேட்டார். வரவேற்புக்கு என்றார் அவர். என்னை வரவேற்க வேண்டாம், வீட்டின் சொந்த வாசனை எனக்கு வேண்டும், ஜன்னலைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிறோம் என்று நர்ஸம்மா படியிறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். அந்த ஒரு மணி நேரமும் சென்ட்டுக்காரர் செய்தித்தாளை வைத்து வீட்டுக்குள் விசிறிக்கொண்டிருந்தாராம்.

அந்த வீடு பார்க்க லட்சணமாக இருந்தது. பால் வெள்ளைச் சுவர், பளபளவென்று கைப்பிடி, புது விளக்கு. எனக்கே ஆசையாகிவிட்டது. நர்ஸம்மா எதையும் பார்க்கவில்லை. சுவரில் கை வைத்துக்கொண்டு நடந்தார். கட்டு அறையில் வீங்கின காலைப் பார்க்கிற மாதிரியே, கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. மனிதர் முழங்கால் உயரத்தில்.

"இந்த வீட்டுல பூனைதான் தேதி பாக்குமா?" என்று கேட்டார்.

சென்ட்டுக்காரர் சிரித்துச் சமாளித்தார். நர்ஸம்மா குனிந்து காலண்டரைத் தூக்கினார். அதற்கடியில் பெயின்ட் அம்மை போட்ட மாதிரி பொரிந்திருந்தது. நகத்தை வைத்ததும் காரை மாவாகக் கொட்டியது. உள்ளே ஓதம். சுவர் முழுக்கக் குழாய்த் தண்ணீரைக் குடித்திருந்தது.

"ஏம்மா, சுவத்துக்கு ஊசியும் போட்டுட்டுத்தான் போவீங்களா?" என்றார் சென்ட்டுக்காரர்.

"ஊசியெல்லாம் பத்தாது, இதுக்கு ஆபரேஷன் பண்ணணும். நீங்களே வெச்சுக்குங்க," என்றார் நர்ஸம்மா.

அதன்பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று பார்த்தோம். ஒரு வீட்டில் எல்லாக் கதவுக்கும் அடியில் அரை விரல் அறுத்திருந்தது. பழைய தரை பிளந்துபோனதும் அதை எடுக்காமல் மேலேயே புதுக்கல் ஒட்டிவிட்டார்கள், தரை ஏறிவிட்டதால் கதவைக் குட்டையாக்கிவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது நான். ஈரத்துணியோடு போனவள் நான் மட்டும்தான். தரையைத் துடைத்தால் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது என்று தெரிந்துவிடும், தட்டினால் எங்கே கூடாக இருக்கிறது என்று கேட்கும். வீடு வாங்க வந்தீர்களா, கூட்ட வந்தீர்களா என்று சென்ட்டுக்காரர் கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன்.

வீடு பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் டீ குடிப்போம். அவருக்கு அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். வீடு நன்றாக இல்லை என்று சொல்லும்போதே அடுத்த வாரம் எங்கே என்று கேட்பார். வேலையை விட்ட பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இங்கே ஒரு வீடு நல்லதா கெட்டதா என்று நாலு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அப்போது அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

ஆனால் ஒரு தப்பு செய்தார், அதை மறைக்க மாட்டேன்.

நான்கு மாதம் முடிந்திருந்தது. ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் மகனோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்கிறார்கள் என்று சென்ட்டுக்காரர் கூட்டிப்போனார். வாசனைத் தண்ணி கூட அடிக்கவில்லை. அப்படி ஒரு வீட்டை நான் கழுவினதே இல்லை, கழுவ வேண்டியதும் இல்லை. சுவிட்சைச் சுற்றிக்கூடக் கை அழுக்கு இல்லை. அடுப்பு மேடைக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தரையில் ஊற்றிய தண்ணீர் நேராகத் துவாரத்துக்கு ஓடியது. எனக்கு இதுதான் என்று தோன்றிவிட்டது.

நர்ஸம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுவரை அழுத்தினார், ஒன்றும் இல்லை. வேறு இடத்தில் அழுத்தினார். அலமாரியை நகர்த்தச் சொன்னார். வாத்தியார் நகர்த்தினார், பின்னாலும் சுத்தம். சுவரில் தொங்கிய போட்டோக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். மிதியடியைத் தூக்கினார். கடைசியில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கடியில் தலையை விட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் மனைவிக்குக் குரல் கம்மிவிட்டது.

"அம்மா, நாங்க எதையும் மறைக்கலம்மா. தினமும் துடைப்போம், அவ்வளவுதான்."

நர்ஸம்மா எழுந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டார். படியில் நான் பிடித்துக்கொண்டேன். இதில் என்ன குறை என்று கேட்டேன். குறை ஒன்றும் தெரியவில்லை, அதுதான் குறை என்றார். இவ்வளவு சுத்தமான கட்டை எந்த ஆள் கட்டிக்கொண்டு வந்தாலும் உள்ளே சீழ் இருக்கும், முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறேன் என்றார். ஆஸ்பத்திரிக்குப் புண் இருக்கிறவன்தான் வருவான், புண் இல்லாதவன் கட்டு அறைக்கு எதற்கு வரப்போகிறான் என்று நான் கேட்டேன். படியிறங்கத் தொடங்கிவிட்டார். நானும் விடவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு டீ குடிக்கவில்லை.

நாலே நாளில் அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். சென்ட்டுக்காரர் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. நர்ஸம்மா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேனா ஆயாம்மா?"

"பண்ணிட்டீங்க," என்றேன். பொய் சொல்லி ஆறுதல் சொல்லுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பிறகு ஐந்து வாரம் ஒன்றும் சரிப்படவில்லை. எந்த வீட்டிலும் அவர் கை பழையபடி சுவரில் நிற்கவில்லை. தொட்டுவிட்டு உடனே எடுத்துவிடுவார். நல்லதைக் கெட்டது என்று சொல்லிவிட்டவர்தானே, இனி கெட்டதை நல்லது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அவரிடம் இருந்ததே அந்தக் கை ஒன்றுதான். மூட்டை கட்டுவதற்கு ஒரு பெரிய பை வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். ஒரு நாள் நான் அவர் அறையைப் பெருக்கும்போது அதில் துடைப்பம் இடித்தது. 

ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது சென்ட்டுக்காரர் போன் செய்தார். ஒரு வீடு இருக்கிறது, காட்டவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் வந்து பார்த்துவிடுங்கள் என்றார்.

இரண்டாவது மாடி. கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு பெரியவர் தனியாக இருந்து இறந்துபோன வீடு. மகள் தொலைதூரத்தில் இருந்து வந்து, சாமானை எடைக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். உள்ளே போனதும் எனக்கே இருமல் வந்தது. சுவரெல்லாம் புகையேறி, நாள்பட்ட நெய் மாதிரி மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளில் வட்டம் வட்டமாக வெளிர் அடையாளங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஆணி. அத்தனை கடிகாரம் மாட்டியிருக்கிறார். ஜன்னலோரத்தில் நாற்காலி போட்ட இடத்தில் மொசைக் தரை இரண்டு குதிகால் அளவுக்குத் தேய்ந்திருந்தது. சமையலறை அலமாரியில் நாலு கதவு, அதில் ஒரே ஒரு கதவின் கைப்பிடி மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது, மற்ற மூன்றும் கறுப்பு. ஒரு தட்டு, ஒரு தம்ளர் எடுக்க ஒரு கதவு போதும்தானே.

சென்ட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. சுவரை அழுத்தினார். உலர்ந்திருந்தது. விரல்முட்டியால் தட்டினார், எங்கேயும் பொத்தல் சத்தம் இல்லை. தொட்டிக்கடியில் முகர்ந்து பார்த்தார், தூசி வாசனை மட்டும். நான் குளியலறைத் தரையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன், சத்தம் போடாமல் இறங்கிப்போனது. சீலிங்கில் விரிசல் மாதிரி தெரிந்தது வெறும் ஒட்டடை, துடைப்பத்தால் தொட்டதும் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோட்டைப் பார்த்தோம்.

இடுப்புக்குச் சற்று மேலே, சுவரில் ஒரு சாம்பல் நிறக் கோடு. நாலு விரல் அகலம். கட்டில் இருந்த இடத்தில் தொடங்கிக் குளியலறை வரைக்கும் போனது. அங்கிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து சமையலறைக்கு. மூலை திரும்புகிற இடத்திலும் சமையலறை நிலையிலும் கறுத்து மினுமினுத்தது. வாசல்கதவுப் பக்கம் மட்டும் மிகவும் மங்கல், வருஷக்கணக்காக அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை போலிருக்கிறது. இது என்ன கறை, எலியா, தண்ணியா என்று சென்ட்டுக்காரர் கேட்டார்.

"கை," என்றார் நர்ஸம்மா.

தன் உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் வைத்தார். உயரம் சரியாக இருந்தது. கையை எடுக்காமல் கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து சமையலறைக்கு மெதுவாக நடந்தார். 

பிறகு கீழ்வீட்டுக்கு இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர்கீழே உள்ள உங்கள் சீலிங்கைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். இதை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஓட்டை இருந்தால் அது கீழ்வீட்டுக்காரர் தலைக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பெண் நல்லவள், உள்ளே விட்டாள். சீலிங்கில் ஒரு பொட்டுக் கறை இல்லை. திரும்பும்போது அவளாகவே சொன்னாள். பெரியவரால் எங்களுக்குத் தொந்தரவே கிடையாது, அவர் ஊன்றுகோல் மட்டும் அடிக்கடி கீழே விழும், தூங்குகிற குழந்தை எழுந்துவிடும் என்று நான் கோபித்துக்கொள்வேன் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கடைசியில மூணு நாளா சத்தம் இல்லம்மா. அப்பாடா, குழந்தை நல்லா தூங்குதுன்னு நெனச்சேன்."

நர்ஸம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு வந்தார். மாடிப்படியில் சென்ட்டுக்காரரிடம், இதை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.  வாசனைத் தண்ணி அடிக்காத இரண்டாவது வீடு அது.

பணம் கொடுப்பதற்கு முன்னால் தம்பி வந்து பார்க்க வேண்டும் என்பது பேச்சு. தம்பியும் மனைவியும் வந்தார்கள். நானும் இருந்தேன், போகச்சொன்னால் போயிருக்க மாட்டேன். தம்பி மனைவி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள். தம்பி ஒவ்வொரு அறையாக நின்று நின்று பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அக்கா, வாழ்நாள் பூரா உழைச்ச காசை இந்தக் குப்பையிலயா போடப்போற?"

"குப்பை மேலதான்டா இருக்கு. உள்ள கல்லு மாதிரி இருக்கு. கழுவி, வெள்ளையடிச்சா அடுத்த மாசம் வாடகைக்குப் போயிடும்."

"அந்த வாத்தியார் வீடு நல்லா இருந்துச்சாமே. அதை வேணாம்னு விட்டியாம்?"

"விட்டேன். அது என் தப்பு. இது தப்பில்ல."

தம்பி சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தார். அவருக்கும் அது என்னவென்று புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.  பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உனக்கு இப்படி ஒண்ணு ஆனா யாரு அக்கா பாப்பாங்க?"

நர்ஸம்மா சுவரிலிருந்த ஆணி ஒன்றைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

"அதுக்கு எந்த வீட்டுலயும் உறுதி கிடையாது," என்றார். "வாடகை வரும். என் அறையில நான் இருப்பேன். நீ போன் பண்ணு."

 சொன்ன சொல்லைத் தம்பியும் காப்பாற்றினார். போகும்போது அக்கா கையைப் பிடித்து, பெட்டியையெல்லாம் எடுத்துவிட்டு அந்த அறையைச் சரியாக்கி வைக்கிறேன், நீ எப்போது வேண்டுமானாலும் வா என்றார். நர்ஸம்மா தலையாட்டினார்.

வீட்டைக் கழுவ எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. மொசைக் தரையைச் சோடா போட்டுத் தேய்க்கத் தேய்க்க அடியில் பச்சையும் சிவப்பும் வந்தது, யாரும் நம்பவில்லை. அலமாரிக் கதவுகளைக் கழற்றிக் காயவைத்து மாட்டினால் சரியாக மூடின. பெயின்டர் வந்து சுவரைச் சுரண்டி, ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளில் பட்டி அடைத்து, வெள்ளை அடித்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளைக்குமேல் அந்தக் கோடு மஞ்சளாகத் திரும்ப வந்திருந்தது. இன்னொரு கோட்டிங் அடித்தார். திரும்ப வந்தது. கை எண்ணெய் அப்படித்தான்மா, வருஷக்கணக்காகச் சுவரில் ஊறியிருக்கிறது, அதைக் கழுவாமல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் எட்டிப்பார்க்கும் என்றார் பெயின்டர். நான் கழுவுகிறேன் என்று வாளியை எடுத்தேன்.

நர்ஸம்மா வாளியை வாங்கிக்கொண்டார். வெந்நீரில் சோப்புத் தூள் கலந்து, சின்னச் சின்னத் துணியாகக் கிழித்துக்கொண்டு, கட்டில் இருந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தார். அழுக்குத் துணியை ஒரு பக்கம் போட்டுவிட்டுப் புதுத் துணி எடுப்பார். கட்டு அறையில் செய்கிற மாதிரியேதான். சமையலறை நிலை வரைக்கும் அன்று மாலையே முடித்துவிட்டார், நடுவில் நிற்கவில்லை. அதற்குமேல் பெயின்டர் பிரைமர் அடித்து வெள்ளை அடித்தார். கோடு வரவில்லை.

குடிவந்தது ஒரு சின்னக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, மூன்று வயதுப் பெண்குழந்தை. வீட்டைப் பார்த்ததும் அந்தப் பெண், எவ்வளவு வெளிச்சமா இருக்கு என்றாள். நர்ஸம்மாவுக்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு. முதல் மாதம் வாடகை வாங்க நேரில் போனார், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் போனபோது, குழந்தை சுவரில் கலர் பென்சிலால் கிறுக்கிவிட்டதென்று அந்தப் பெண் கதவைப் பாதிதான் திறந்தாள். அதெல்லாம் மேலோட்டமான அழுக்கு, துடைத்தால் போய்விடும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று நர்ஸம்மா சொன்னார். அவள் நம்பவில்லை. வீட்டுக்காரம்மா வந்து ஒவ்வொரு சுவராகப் பார்ப்பார் என்று பயந்திருக்கிறாள். மூன்றாம் மாதம் புருஷன் போன் செய்து, நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் அலைய வேண்டும் அம்மா, இனி வாடகையைப் போனிலேயே அனுப்பிவிடுகிறேன் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான்.

அன்றிலிருந்து மாதம் முதல் தேதி நர்ஸம்மாவின் போனில் டிங் என்று ஒரு சத்தம் வரும். அவருக்கு அந்த வீடு இப்போது அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு சுவரும் கைக்குத் தெரியும், ஆனால் உள்ளே போகக் காரணம் இல்லை. பார்க்க வேறு வீடும் இல்லை. சென்ட்டுக்காரர் போன் செய்வதில்லை. நர்ஸம்மா நினைத்தபடி தன் அறையிலேயே இருக்கிறார், கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரத்தில் வைக்கிறார். பெரிய பையை எனக்குக் கொடுத்துவிட்டார்.

நான் வாரம் ஒரு நாள் போய் அறையைத் துடைத்துக் கொடுப்பேன். போன குளிர்காலத்தில் ஒரு நாள் கட்டிலுக்கடியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவரைப் பார்த்தேன். இடுப்புக்குச் சற்று மேலே, சாம்பல் நிறத்தில், நாலு விரல் அகலத்தில். கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும்.

"பாத்துட்டீங்களா," என்றார் நர்ஸம்மா. கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தேன்."

"முட்டி கொஞ்சம் சரியில்ல. எழுந்தா சுவத்தைப் பிடிச்சுக்கறேன், அவ்வளவுதான். தம்பிகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. ஆனால் அவர் அறைக்கு இன்னொரு சாவி கேட்டேன். எதற்கு என்றார். நான் அந்த அறையில் இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேலை இருக்கிறது, நீங்கள் கிளம்புங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார். அவருக்கு என்ன வேலை இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா. வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கிச் சுவரைத் தாண்டிப் போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அலமாரியைத் திறந்து, நூல் கட்டின ஒரு சாவியை எடுத்து என் மடியில் போட்டார்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் போகிறேன். தரை நேற்றுத்தானே துடைத்தது என்று முணுமுணுக்கிறார். அழுக்காக இருக்கிறது என்கிறேன். கூலி கொடுக்க வருவார், வாங்க மாட்டேன். டீ போடுவார், அதை மட்டும் வாங்கிக்கொள்வேன். முதலில் அந்தக் கோட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரமே திரும்ப வந்துவிடும். இப்போது துடைப்பதில்லை. அது எதுவரைக்கும் போயிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன். குளியலறையோடு நின்றிருந்தது போன வாரம் திரும்பி, அடுப்பு மேடைப் பக்கம் வந்திருக்கிறது.